ஜுனைத் காக்காவின் நல்ல சுகம்

டொரொன்டோ

அன்புள்ள உம்மாவுக்கு,
அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் வாப்பாவும் சுகம்தானே? சும்மா கேட்கவில்லை, காரணம் இருக்கிறது.

ஊரெல்லாம் நீங்கள் "நெட்டி முறிக்கிற டாக்டர்" என்று சொல்லும் உங்கள் மகள் நேற்று ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியை மடக்கிவிட்டாள்! என்னிடம் முதுகு வைத்தியத்துக்கு வருகிறவர் ஏறாவூர் ஜுனைத் காக்கா, வாப்பாவின் வயது இருக்கும். கார் விபத்தில் இடுப்பு பிடித்துவிட்டது. செலவை அந்தக் கம்பெனிதான் கட்டியது. போன மாதம் மொழிபெயர்ப்பாளரை வைத்து, "இப்போது எப்படி?" என்று போனில் கேட்டிருக்கிறார்கள். மனுசன், "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகமா இரிக்கன்" என்றிருக்கிறார். குணமாகிவிட்டது என்று எழுதி, வைத்தியத்தையே நிறுத்திவிட்டார்கள்.

"ஏன் காக்கா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சுகம் கேட்டா வேற என்ன மகள் சொல்ற?"

எனக்கு வந்த கோபம்! காக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கம்பெனி அதிகாரியை வீடியோவில் அழைத்தேன். "எங்கள் ஊரில் காய்ச்சலில் கிடக்கிறவரும் இதைத்தான் சொல்வார். அது இறைவனுக்குச் சொல்லும் நன்றி, மருத்துவ அறிக்கை இல்லை. இவரைச் சப்பாத்து நாடா கட்டச் சொல்லிப் பாருங்கள்" என்றேன். காக்கா பாதி குனிந்து, கதிரையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அப்போதே வைத்தியத்தைத் தொடரச் சொல்லிவிட்டார்கள். வலியோடு காக்கா சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால், சம்பலுக்குப் போட மாசிக் கருவாட்டுத் தூள் கொடுத்துவிடுங்கள். இங்கும் கடையில் விற்கிறது, ஆனால் தனியே சாப்பிடுகிறவளுக்கு நீங்கள் இடித்ததுதான் ருசிக்கிறது.

அடுத்த ஆள் வந்துவிட்டார், நிறுத்துகிறேன். உம்மா, முழங்கால் எப்படி என்று கேட்டால் நீங்களும் "நல்ல சுகம் மகள்" என்கிறீர்கள். அந்தப் பதிலை இனி எடுக்கமாட்டேன். தொழும்போது விரிப்பில் குனிகிறீர்களா, கதிரையில் இருக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
நிஸ்மியா