பதினொரு பிள்ளைகளின் ஓடிபி

பழவேற்காட்டு மண்ணில் படுத்திருக்கும் என் மெஹருவுக்கு,

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. எப்படி இருக்கிறாய் என்று கேட்பது முட்டாள்தனம்தான், ஆனாலும் கேட்கிறேன். நான் நன்றாக இல்லை. காதோடு காதாகச் சொல்கிற சங்கதி என்றால் உன் உம்மா வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போயிருப்பேன். இதை நாலு பேர் படிக்க வேண்டும் என்பதால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். மெஹருன்னிசா, கணக்கு டீச்சர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. நான் அங்கேயே இயற்பியல் டீச்சர், உன்னைவிட ஆறு வயது மூத்தவள், உனக்குச் செல்விக்கா. எங்கள் பிள்ளைகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிய மையோடு கம்பெனி வேனில் ஏறிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் என்றால் பேக்கிங் செக்‌ஷன். அந்த வேனிலிருந்து நாலு பேரையாவது இறக்கிக் காலேஜுக்கு அனுப்புவது உன் வேலை என்று நீயாகவே எடுத்துக்கொண்டாய். யாரும் உன்னிடம் கேட்கவில்லை.

என்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்குப் பதிய ஒரு போன் நம்பர் வேண்டும். ஓடிபி வந்தால் சில நிமிஷங்களுக்குள் போட வேண்டும். பிள்ளைகளின் வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு ஷிஃப்டுக்குப் போயிருக்கும், கம்பெனி கேட்டில் அதை வாங்கி வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் ஆஃபருக்காக சிம்மையே மாற்றியிருப்பார்கள். அதனால் நீ ஒரு பழைய போனை எடுத்துவந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த நம்பரையே கொடுத்தாய். "என் போனு எந்த ஷிஃப்டுக்கும் போவாதுக்கா" என்பாய். பள்ளியில் அதற்குக் கவுன்சிலிங் போன் என்றே பெயர். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதையும் ஒரு சீட்டில் எழுதி போன் உறைக்குள் செருகி வைத்திருப்பாய். இப்படி ஒரு ஏற்பாட்டை வேறெந்தப் பள்ளியிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த வருஷம் பதினொரு பெண்கள். மே மாதம் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் பதிந்தாய். ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், நெஞ்சு வலிக்கிறது என்று மத்தியானம் கிளம்பியவள் திரும்பி வரவில்லை. போன் ஸ்டாஃப் ரூம் பீரோவில் கிடந்தது. சாய்ஸ் போடுவதற்கு, அதாவது எந்தக் காலேஜ் முதலில், எது இரண்டாவது என்று வரிசை கொடுப்பதற்கு, இன்னும் சில வாரங்கள் இருந்தன.

நீ போன கையோடு அவர்கள் வந்தார்கள். யார் என்கிறாயா? இரண்டு வருஷமாக நீ வாசலோடு திருப்பி அனுப்பினாயே, ஹைவே மேல் இருக்கிற அந்தத் தனியார் என்ஜினீயரிங் காலேஜ்காரர்கள்தான். உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி என்று பேனர் கட்டினார்கள். டை கட்டிய ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். மார்க் முக்கியமில்லையாம், மனசு இருந்தால் போதுமாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பஃப்ஸ், எங்களுக்குப் பிரியாணி, ஸ்டாஃப் ரூமுக்கு அவர்கள் காலேஜ் பெயர் போட்ட சுவர்க் கடிகாரம். நானும் தின்றேன் மெஹரு. வெங்காயப் பச்சடி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்றேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் கடைசி பீரியட் முடிந்ததும் கல்பனா வந்தாள். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண், அப்பா இரும்புப் பட்டறையில் லோடு ஏற்றுகிறவர், உன் கணக்கில் பள்ளியிலேயே இரண்டாவது மார்க். எலெக்ட்ரிக்கல் படிக்க வேண்டும், அரசுக் காலேஜில் படிக்க வேண்டும் என்று உன்னோடு உட்கார்ந்து வரிசை எழுதி வைத்திருந்தாளே, அவள்.

"டீச்சர், எனக்கு ஹைவே மேல கீற அந்தக் காலேஜு வந்துக்கீது. நா அத்த எழுதவே இல்ல டீச்சர். மத்த பத்து பேருக்கும் அதேதான்."

"சாய்ஸ் யாரும்மா போட்டது?"

"பாஸ்கர் சார்தான். பேப்பர்ல எழுதிக் குடுங்க, நா போட்டுக்கறேன்னாரு. எழுதிக் குடுத்தோம்."

"வேணாம்னு சொல்லிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போயிருக்கலாமே?"

"அதுக்கும் ஓடிபி அந்த போனுக்குத்தான வரும்? சேர்றேன்னு அவரே அமுக்கிட்டாரு. அப்பால காலேஜ்லேந்து ஆளு ஊட்டுக்கே வந்து ஒரிஜினல் எல்லாம் வாங்கினு போயிட்டாங்க. மெஹருன்னிசா டீச்சர் ஏற்பாடு பண்ணி வச்சிட்டுப் போனதுன்னு சொன்னாங்க. நைனா நம்பிக் குடுத்துட்டாரு."

மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். அந்த நாலு தாள் கையில் இல்லாமல் அவள் வேறெங்கும் போய் நிற்க முடியாது. அதாவது அவளுடைய இந்த வருஷமே அந்தக் காலேஜ் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அந்தத் தாள்களை வாங்க அவர்கள் பயன்படுத்திய சாவி உன் பெயர். செத்தவள் பெயரைச் சொல்லி ஒரு கூலிக்காரர் வீட்டில் நுழைந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

பாஸ்கரைத் தெரியுமல்லவா உனக்கு, கம்ப்யூட்டர் சார், பிறந்தநாளுக்கெல்லாம் கேக் வாங்கி வருவாரே. லேபிலேயே போய்ப் பிடித்தேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"நல்ல காலேஜ்தான் மேடம். அவ எழுதினதெல்லாம் தூரம். இதுங்க எங்க போய்க்கினு வந்துக்கினு இருக்கும்? இங்க பஸ்ஸு உடறாங்க. நல்லது பண்ணா ஏன் பேஜாரு பண்றீங்க?"

"அவ சீட்டு சார் அது. மாத்தறதுக்கு நீங்க யாரு?"

"போனை நா ஒண்ணும் திருடல மேடம்," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் காலேஜிடம் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியவர் சிரிக்கிறார், நான் தலை குனிகிறேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

போனை அவரிடம் கொடுத்தது நான். உன் நாற்பதாம் நாள்கூட முடியவில்லை. அவர் கேட்கவில்லை மெஹரு, நானாகப் பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு போனேன். "எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலை ஓடாது சார், நீங்களே பாத்துக்கோங்க" என்றேன். பொய். எனக்கு நன்றாகவே ஓடும். போன வருஷம் என் மகனுக்கு யார் போட்டது? ஒவ்வொரு காலேஜாக விசாரித்து, ஏழு முறை வரிசை மாற்றி, நான்தானே போட்டேன்? ஊரார் பிள்ளைகள் பதினொன்று என்றதும் எனக்குக் கை வலித்துவிட்டது. பாஸ்கரை நினைத்தால் அருவருப்பு. என்னை நினைத்தால் அதற்கு மேலே ஒன்று, அதற்கு வார்த்தை தெரியவில்லை.

கல்பனாவின் அப்பா மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தார். அந்த மனுஷனுக்கு அன்றைய கூலி போயிற்று, ஆனாலும் கொடுத்தார். திருவள்ளூரில் விசாரணை என்று தேதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மறைந்த ஆசிரியை மெஹருன்னிசா மே மாதமே போனையும் காலேஜ் வரிசையையும் கம்ப்யூட்டர் ஆசிரியரிடம் ஒப்படைத்தார், அவர் எழுதிய வரிசைப்படியே பதியப்பட்டது, மேற்படி மாணவியரும் அதற்குச் சம்மதித்திருந்தனர் என்று டைப் அடித்திருந்தது. கீழே ஆறு கையெழுத்து. உன் கைமணத்தை, ரம்ஜான் கஞ்சியை, வருஷா வருஷம் ஸ்டாஃப் ரூமில் புகழ்ந்து தின்ற ஆறு பேர்.

"அவங்க போய்ச் சேந்துட்டாங்க மேடம். அவங்களுக்கா மெமோ குடுக்கப் போறாங்க? உங்க பேரும் வெளிய வராது," என்றார் வாய் கூசாமல்.

நான் பேனா மூடியைக் கழற்றினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். உன் பெயர் கெடும் என்பதுகூட என்னை நிறுத்தவில்லை, அவ்வளவு பயந்திருந்தேன். மேற்படி மாணவியர் என்ற வார்த்தையில்தான் கை நின்றது. கல்பனா என்று அந்தத் தாளில் எங்குமே இல்லை. நான் கையெழுத்துப் போட்டால் அது டீச்சரின் யோசனை, பிள்ளைகளின் சம்மதம், யார் மேலும் தப்பில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். சர்ட்டிபிகேட் அலமாரியிலேயே இருக்கும். கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விசாரணை அதிகாரி ஒரு அம்மா. போனை யார் கொடுத்தது என்று கேட்டார். நான் என்றேன். எழுத்தில் தருவீர்களா, உங்கள் மேலும் நடவடிக்கை வரும் என்றார். எழுதிக் கொடுத்தேன். நீ நினைக்கிற மாதிரி வீரமெல்லாம் இல்லை, இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தித்தான் எழுதினேன். பிறகு அவர் கல்பனாவைப் பார்த்து, "உன் லிஸ்ட்ட நீ ஸ்கிரீன்ல பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். எங்கள யாரும் பாக்க உடல. மெஹரு டீச்சர் இருந்தப்பவும் அவங்களேதான் போட்டுக்குவாங்க."

அவள் உன்னைக் குறை சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் பாஸ்கரின் திருட்டு எந்தக் கதவு வழியாக நுழைந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு மெஹரு. எல்லாவற்றையும் நீயே செய்தாய். பிள்ளைகள் உன் பின்னால் நின்று உன் முதுகைத்தான் பார்த்தார்கள். காலேஜில் போய்த் தனியாக நிற்க வேண்டிய பெண்ணுக்குத் தன் பாஸ்வேர்டே தெரியாது. நீ நல்லவளாக இருந்தாய், அதனால் அது தப்பாகத் தெரியவில்லை. உன் கையிலிருந்து நழுவியதும் என்ன ஆகும் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

சர்ட்டிபிகேட் வந்துவிட்டது. நாலு பெண்களுக்கு மட்டும். மற்ற ஏழு பேர் வீட்டிலும் இருக்கட்டும் விடுங்க, பஸ் வருதே என்று சொல்லிவிட்டார்கள். கல்பனாவுக்கு அந்த எலெக்ட்ரிக்கல் சீட் திரும்பவில்லை, அது வேறு யாருக்கோ போய்விட்டது. மீதி இடங்களுக்கான துணைக் கவுன்சிலிங்கில் அப்பா அன்று ஷிஃப்டுக்கு எடுத்துப்போகாமல் வீட்டில் விட்டுப்போன போனை வைத்துக்கொண்டு அவளே உட்கார்ந்து போட்டாள். தெற்கே ஒரு அரசுக் காலேஜில் மெக்கானிக்கல் கிடைத்தது. எனக்கு மெமோ வந்திருக்கிறது. பாஸ்கர் இன்னும் கேக் வாங்கி வருகிறார். ஸ்டாஃப் ரூமில் என் டப்பாவோடு நான் மட்டும் தனியாகச் சாப்பிடுகிறேன், அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை.

போன வாரம் கல்பனாவை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் நைனா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எப்போதும்போல அடக்கமாகத்தான் நின்றாள். வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னாள்:

"டீச்சர், அடுத்த வருஷம் பசங்களுக்கு நீங்க யாரும் போட்டுக் குடுக்காதீங்க. எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லுங்க."

சரிம்மா என்றேன். உனக்கும் அதையே வாக்காகத் தருகிறேன் மெஹரு. ஜனவரியிலிருந்தே உட்கார வைப்பேன். தப்பாக அடிக்கட்டும், அழிக்கட்டும், மறுபடி அடிக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் என் கை அவர்கள் போன் மேல் படாது.

உன் அக்கா என்று சொல்லிக்கொள்ள இன்னும் கூசுகிற,
செல்வி