பன்னிரண்டாவது மாடியில் பெரட்டு

அன்பு மகன் தனேஸ்வரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஈப்போவில் நான் நல்ல சுகம், முழங்கால் வலிகூட இந்த வாரம் என்னை மறந்துவிட்டது. நீயும் பெர்த்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இதமாக உடுத்தி நன்றாக இருக்க மாரியம்மன் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

போன வெள்ளிக்கிழமை தலை முழுகிச் சாமி கும்பிட்டுச் சாம்பிராணி போட்டேன். தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகள் முழுக்கக் காட்டிப் பழகிய கை, நம் வீட்டுக்குள் மட்டும் காட்டினால் மனசு நிறையவில்லை. கதவைத் திறந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லா வீட்டு வாசலிலும் காட்டிக்கொண்டே போனேன். லிஃப்ட் பக்கம் திரும்பினேன், தலைக்கு மேல் ஒரு அலறல், பதினெட்டு மாடிக்கும் தீ மணி அடித்துவிட்டது. சனமெல்லாம் படியில் இறங்குகிறது, நானும் தூபக்காலும் கையுமாக இறங்கினேன். என்ன அவமானம் போ. இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்து ஆறு மாதமாகியும் ஒருத்தர் முகம் பார்த்துச் சிரிக்காத இடம், இதில் இதுவும் சேர்ந்ததா, தீபாவளிவரை இருந்து பார்க்கிறேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கும் வேண்டாம், நாளைக்கே பீடோரில் உன் அர்ச்சுனன் மாமா வீட்டுக்குப் போய்விடலாம் என்று அழுகையே வந்துவிட்டது.

கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரே கூச்சல், யார் வந்தார்கள் யார் வரவில்லை என்று காவலாளிக்கே தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்தில் விடியற்காலையில் கணக்கெழுதும் கிராணி எங்களை நிறுத்தி வைத்துப் பேர் கூப்பிடும் பெரட்டு ஞாபகம் வந்தது. தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு, பன்னிரண்டாவது மாடிக்காரர்கள் இங்கே வரிசையில் நில்லுங்கள் என்று மலாயில் ஒரு சத்தம் போட்டேன். நின்றார்கள் தனேஸ், கோட்டுப் போட்ட வக்கீல்கூட நின்றார். யார் பேரும் அப்போது எனக்குத் தெரியாது, ஆனால் எந்த வாசலில் எத்தனை பேர் செருப்பு கிடக்கும் என்று தெரியும். அதை வைத்து எண்ணினால் ஒரு தலை குறைகிறது, எதிர்வீட்டுச் சீனப் பெரியவர், பேர் வோங் என்று பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. அதற்குள் தீயணைக்கும் பொம்பா வண்டி வந்துவிட்டது, சொன்னதும் மேலே ஓடி, தூங்கிக்கொண்டிருந்த மனுஷரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அப்புறம்தான் தூபக்காலைக் காட்டி, இந்தப் புகை என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். நிர்வாகத்துப் பெண் நன்றாகத் திட்டினாள், திட்ட வேண்டியதுதான். ஆனால் இரண்டாம் எண் வீட்டு நர்ஸ் ஏஞ்சலா என் கையைப் பிடித்துக்கொண்டு, நெசத் தீயா இருந்தா அந்த அங்கிள் கதி என்னா, ஆண்ட்டி எண்ணலேன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்லா என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

நேற்று நிர்வாகமே என்னை எங்கள் மாடிக்குப் பொறுப்பாகப் போட்டு, சிவப்புச் சட்டையும் விசிலும் கொடுத்திருக்கிறது. சாம்பிராணி மட்டும் இனி வீட்டுக்குள், சன்னலைத் திறந்து வைத்துத்தான். இப்போது லிஃப்டில் எல்லாரும் பேசுகிறார்கள், வோங் பெரியவர் இரண்டு பம்பளிமாஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பீடோரில் எனக்கென்று வைத்திருந்த அறையை அவர் மகனுக்கே கொடுத்துவிடச் சொல்லி மாமாவுக்குப் போன் போட்டேன். எனக்கு ஒத்துவராவிட்டால் இந்த வீட்டை விற்றுவிடலாம் என்ற பேச்சை நீயும் விடு.

வாரம் ஒருநாளாவது எண்ணெய் தேய்த்துக் குளி. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது நீ நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. மாடிப் பட்டியலில் வீட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதச் சொன்னார்கள், நம் வீட்டுக்கு நேராக இரண்டு என்று எழுதியிருக்கிறேன். தீபாவளிக்கு நான் எண்ணும்போது ஒரு தலை குறையக் கூடாது.

உன் வரவை எண்ணும்
அம்மா நல்லம்மாள்