கோடு தாண்டாத கத்தரிக்காய்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று கத்தரிக்காய். என் வகுப்பின் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு தாள், நடுவில் படம், கையில் ஊதா கிரேயான். எல்லாம் மூன்று வயது. நிஜக் கத்தரிக்காய் ஒன்றையும் மேசைமேல் வைத்தேன். ஒருத்தி அதைக் கடித்துத் துப்பினாள். ஒருத்தன் கிரேயானைக் கடித்து விழுங்கியே விட்டான்; ரசனையில் அவன் ஒரு படி மேல். தாள்களில் நடந்ததைக் கத்தரிக்காய் என்று சொன்னால் கத்தரிக்காய் மானநஷ்ட வழக்குப் போடும். இருபத்திரண்டு வருஷமாக இதற்குக் கல்வி என்று பெயர் வைத்து வயிறு வளர்க்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

நிர்வாகி அம்மா கூப்பிட்டார். ஜூனிலிருந்து என் வகுப்பையும் பக்கத்து வகுப்பையும் ஒன்றாக்கப் போகிறாராம். அதே பிள்ளைகள், ஒரே அறை, ஒரே டீச்சர்.

"மாசக் கடைசியில கண்காட்சி இருக்குல்ல டீச்சர், பிள்ளைங்க படம் ஒட்டின ரெண்டு பேரு சுவரையும் பாத்துட்டு முடிவு பண்ணிக்கிறேன்."

நான், இல்லையென்றால் பக்கத்து வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சர், அந்தப் புதுசு. நாற்பத்தொன்பது வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்? தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிடவே இரண்டு பிள்ளைகள் வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

புதுசின் வகுப்பை எட்டிப் பார்த்தேன். வேவு இல்லை, சாக்பீஸ் கேட்கப் போனேன். சாக்பீஸ் என் கையிலேயே இருந்தது, அது வேறு விஷயம். உள்ளே ஒருவன் கேரட்டுக்கு நீலம் அப்பிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து, "அச்சோ, இந்த கேரட்டுக்குக் குளிருதாடா?" என்கிறாள். அவன் ஆமாம் என்று தலையாட்டுகிறான். இதற்குப் பட்டம் வேறு வாங்கியிருக்கிறாளாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மதியம் ஒன்பதும் பாயில் படுத்தபிறகு, சும்மா ஒரு பிள்ளை வண்ணமடித்த தக்காளியின் ஓரத்தை மட்டும் சரிசெய்தேன். ஓரம் சரியானதும் நடு அசிங்கமாகத் தெரிந்தது. நடுவைச் சரிசெய்ததும் காம்பு இளித்தது.

பிப்ரவரி 12, புதன்

ஒன்பது தக்காளியும் முடிந்தன. பாயிலிருந்து நாலைந்து ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டே இருந்தன. பார்க்கட்டும். போலீஸில் போய்ச் சொல்லவா போகின்றன?

பிப்ரவரி 19, புதன்

வெண்டைக்காய். இப்போது ஆளுக்கு ஒரு கீறலோடு தாளை வாங்கிவிடுகிறேன். பிறகு அழிக்கிற வேலை மிச்சம்.

வீட்டுக்காரர் என் கைவிரல் பச்சையைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எல்கேஜி சேந்துட்டியா?" என்றார்.

பிப்ரவரி 28, வெள்ளி

கண்காட்சி. பெற்றோர்கள் என் சுவர் முன்னால் வாயைப் பிளந்தார்கள். "எங்க வீட்டு வாலா இவ்ளோ பொறுமையா போட்டுச்சு?" இல்லை தாயே, வாலுக்குப் பாயில் நல்ல தூக்கம். கண் என்று ஒன்றைக் கடவுள் கொடுத்ததே செல்போனில் படம் பிடிக்கத்தான் என்று நினைக்கிற கூட்டம்.

அப்போதுதான் நிர்வாகி அம்மா கை தட்டினார். "செல்லங்களா, அவங்கவங்க படத்துக்கிட்ட ஓடிப்போய் நில்லுங்க பாப்போம்!"

புதுசின் எட்டும் ஓடின. "இது என்னுது! குளிருது!" என்று ஒருவன் நீலக் கிறுக்கலைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

என் ஒன்பது — அசையவே இல்லை. சுவரைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றன. ஒரு அம்மா மகளைத் தூக்கி, பெயர் எழுதிய தக்காளிக்கு நேராகப் பிடித்தாள்.

"இந்தாடி, உன்னுது!"

"இது மிஸ்ஸுது."

ஐயோ, போச்சு, மானம் போச்சு —

"வெக்கப்படுறா பாருங்க!" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். என் சிரிப்புத்தான் பலமாகக் கேட்டது.

மார்ச் 3, திங்கள்

நான்தான். "அந்தப் பொண்ணு சுவரு கண்கொண்டு பாக்க முடியல டீச்சர்," என்றார் நிர்வாகி அம்மா.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது புதுசு பையைத் தூக்கிக்கொண்டு வந்து கை கொடுத்தாள். "நீங்க ரொம்ப அழகா கலர் பண்றீங்க மிஸ்."

தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பெரிய உத்தமி! நாலு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?

மார்ச் 4, செவ்வாய்

தலைவலி. லீவு.

ஜூன் 2, திங்கள்

பதினேழு பேர், ஒரே அறை. பூசணிக்காய்த் தாள் கொடுத்தேன். புதுசு விட்டுப்போன எட்டும் தாளுக்கு, மேசைக்கு, சட்டைக்கு எல்லாம் சேர்த்து வண்ணம் பூசின. என்னுடைய ஒன்பதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"ஏன்டா போடல?"

"நீங்க போடுவீங்க."

"இல்லடா கண்ணுங்களா. எப்படி வேணா போடுங்க. நீலம் போடுங்க, கறுப்பு போடுங்க, மிஸ் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒன்றும் அசையவில்லை. நன்றாகத் தூங்குகிற நேரத்தில் எல்லாம் நடந்துவிடும் என்ற தெளிவு ஒன்பது முகத்திலும். சரி என்று முட்டி முறிய முறியத் தரையில் உட்கார்ந்தேன். ஒரு தாளை இழுத்து, கைக்குக் கிடைத்த பச்சையால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிக் காட்டினேன்.

ஒன்பது தலையும் குனிந்து பார்த்தன. ஒருத்தி மூக்கைச் சுளித்தாள்.

"சீ. கோடு தாண்டுது மிஸ்."

தாளை என் கையிலிருந்து வாங்கி, யார் கண்ணிலும் படாமல் கவிழ்த்து வைத்தாள்.