டி டிரைவுக்கு ஒரு பூட்டு

அக்டோபர் 10, செவ்வாய்

மழை. கொடியில் துணி காயவில்லை. கம்ப்யூட்டர் இன்றும் தானாக அணைந்தது. வாரண்டி இருப்பதால் பழங்காநத்தம் கடையில்தான் கொடுக்க வேண்டுமாம், இவர் சொல்கிறார்.

சிக்கல் அதில்தான். மாடியில் குடியிருக்கும் தேன்மொழியின் விவாகரத்து வழக்குத் தாள்கள் எல்லாம் டி டிரைவில். வக்கீலுக்காக நான் அடித்துக் கொடுத்தவை. காயங்களின் படங்களும் உண்டு. கடை மெக்கானிக்கோ அவள் புருஷனின் கூட்டாளி.

தேன்மொழி பயப்படுகிறாள்: "எம்புருசன் கையில சிக்குச்சுன்னா, நான் வேலை பாக்குற ஸ்கூல் வரைக்கும் கொண்டு போயிருவான்க்கா."

அழித்தாலும் தோண்டி எடுக்கலாமாம். பத்திரிகையில் போட்டிருக்கிறது. கூட வந்த சிடியில் டிரைவையே பூட்டும் மென்பொருள் ஒன்று.

அக்டோபர் 11, புதன்

சிலிண்டர் வந்தது. பூஜை முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

எந்த முறையில் பூட்ட என்று கேட்டு வாயில் நுழையாத பெயர்களாக ஒரு வரிசை. திண்டுக்கல் பூட்டு வாங்கப் போனால் சாவி எத்தனை என்று கேட்போம், இரும்பு எந்த உலையில் காய்ந்தது என்றா கேட்போம்? இதை எழுதியவர் வீட்டில் யாரையும் உட்கார வைத்துப் பார்க்கவில்லை போலும். முதலில் இருந்த பெயரையே தொட்டேன். பூட்டிக்கொண்டது! இம்புட்டுதானா?

சாவி ஒன்றே ஒன்று, பாஸ்வேர்டு. மறந்தால் செய்தவராலும் திறக்க முடியாதாம். எப்படி அது? அகராதியை வைத்துக்கொண்டு உதவிப் பக்கம் முழுக்கப் படித்தேன். பாதி புரிந்தது.

பாஸ்வேர்டு அம்மன் பெயர்தான் வைத்தேன். தேன்மொழி வந்தாள், மீனாட்சி என்று தட்டினாள், திறந்துவிட்டது. மாற்றினேன். அழகர் என்று தட்டினாள். அதுவும்!

"மதுரையில திருடனும் சாமி கும்பிடுறவன்தான்க்கா."

சிரித்துச் சிரித்து வயிறு வலி. சாம்பார் அடிப்பிடித்தது.

அக்டோபர் 12, வியாழன்

வானம் வெளுப்பு. சாமி இல்லாமல் நீளமாக ஒரு வாக்கியம் வைத்தாயிற்று. இங்கே எழுதக்கூடாது. எழுதாமல் கை ஊறுகிறது.

இவர்: "எனக்குமா சொல்ல மாட்ட?"

"உங்களுக்கும்தான்."

மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

மெக்கானிக் கேட்டால்? பொய் எனக்கு வராது. தெரியும், சொல்ல மாட்டேன் என்றால் உள்ளே என்ன என்று குடைவான். மத்தியானம் முழுக்க அதே யோசனை. பிறகுதான் தோன்றியது: தாள் யாருடையதோ சாவியும் அவளிடம் இருக்கட்டும். தேன்மொழியைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். விரல்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

"நான் மறந்துட்டா?"

"போச்சு."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு தட்டினாள்.

அக்டோபர் 13, வெள்ளி

காலையில் இவர் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தார். விளக்கேற்றும் நேரம் கடையிலிருந்து போன்.

"யக்கா, டி டிரைவ் தொறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு சொல்லுங்க, செக் பண்ணணும்."

"எனக்குத் தெரியாது தம்பி."

"ஒங்க கம்ப்யூட்டரு ஒங்களுக்கே தெரியாதா?"

"சாமி சத்தியமாத் தெரியாதுப்பா."

"என்னக்கா, கூத்தா இருக்கு!" வைத்துவிட்டான்.

குரல் நடுங்கவில்லை.

அக்டோபர் 14, சனி

பெருமாள் கோயில். கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. உள்ளே மின்சாரம் தரும் பெட்டிதான் பழுதாம், மாற்றிவிட்டார்கள். மாலை தேன்மொழி வந்து தட்டினாள். முதல் தடவை தப்பு. மறுபடி. திறந்தது. தாள் எல்லாம் அப்படியே.

உடனே அவளே பூட்டினாள்.