பொட்டு வைக்காத படம்

என் அருமை அப்பா,

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வருஷத் திதி நெருங்குகிறது, எனக்கோ உங்கள்மேல் சந்தேகம்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்தது. இங்கே அமெரிக்காவுக்கு வந்தபின் பிளெய்ன்ஸ்பரோவில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் வாங்கினீர்களே, பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண்ணும் குழந்தையும், தலையைச் சுற்றித் தங்கத் தீச்சுடர். விற்ற ஈரான்காரத் தாத்தாவோடு நீங்கள் பேசிய பேச்சு முடியவே இல்லை. நான் காரில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தேன். "யாருப்பா, யசோதையா?" என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நேரே பூஜை அலமாரியில் வைத்துவிட்டீர்கள்.

போன வாரம் கீழ்வீட்டு ஜெசி ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டார். "ஏய் கோமதி, இது எங்க மாதால்லா! அரபி எழுத்து எப்படி வந்துச்சு?"

யூனிவர்சிட்டி நூலகத்தில் போய்க் கேட்டேன். பழைய பாரசீக ஏட்டுப் படத்தின் நகலாம். முஸ்லிம் ஓவியர் வரைந்த மாதாவும் ஏசுவும். அவர்கள் குர்ஆனில் இந்த மாதா, மரியம், பிரசவ வலியோடு தன்னந்தனியாகப் போய், பேரீச்ச மரத்தைப் பிடித்துக்கொண்டு கதறுவாளாம்.

வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்தேன். முருகன், லட்சுமி, உங்கள் அப்பா என்று எல்லாப் படத்திலும் நீங்கள் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருக்கின்றன. இதில் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. அப்படியானால் நம் சாமி இல்லை என்று தெரிந்தேதான் வைத்தீர்களா? ஏன் மறைத்தீர்கள்?

அம்மா ஆடிப்போனாள். "மனுசன் கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டாரோ? பெறகு நான் எந்த முறையில திதி குடுக்க?" இரண்டு நாளாக விளக்கேற்றவில்லை.

நேற்று அவள் படத்தை எடுத்துத் துணி க்ளாஸெட்டில் வைக்கப் போனாள். உங்கள் பேத்தி ஓடிவந்து மறித்தாள்.

"நோ, பாட்டி! தாத்தா செட் தட்ஸ் மை மாம். தி பேபி இஸ் மீ!"

அது நான், குழந்தை அவள் என்றா சொல்லியிருந்தீர்கள் அப்பா? அவள் பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. இவர் டெக்ஸாஸில் ப்ராஜெக்டில் இருந்தார். வலியோடு நானே டிரைவ் பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறுநாள் ஊரிலிருந்து போனில் "ரொம்பக் கஷ்டப்பட்டியாம்மா?" என்று கேட்டீர்கள். "இல்லப்பா" என்றேன். நீங்கள் நம்பவே இல்லை, இல்லையா?

அம்மா படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"கிறுக்கு மனுசன். அதான் பொட்டு வைக்கல. உசுரோட இருக்குற புள்ள படத்துக்கு எப்படி வைப்பாரு?" என்று அழுதுகொண்டே படத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு விளக்கேற்றினாள்.

திதியன்று எல்லாப் படங்களுக்கும் நானே பொட்டு வைக்கிறேன். இந்த முறை உங்கள் படத்துக்கும் வைக்க வேண்டும். அந்த ஒன்றை மட்டும் வெறுமனே துடைத்து வைப்பேன் அப்பா, இது சத்தியம்.

இப்படிக்கு,
மரத்தடியில் தனியாக இல்லாத
உங்கள் மகள் கோமதி