மஞ்சள் கையுறையும் மலைச் சக்கரவர்த்தியும்

மச்சான்,

நீ கண்மூடிய பிறகு பூட்டியே கிடந்த உன் லண்டன் கிங்ஸ்பரி வீட்டு அலுமாரியிலிருந்து உன் மகள் நேற்று உன்னுடைய நீலப் பனிச்சட்டையை எடுத்து நீட்டினாள். பூச்சி உருண்டை மணம் ஏழு தெருவுக்கு அடித்தது.

"மாமா, மார்ச்சில சுவிஸ் போறம். அப்பா பனியில சறுக்கின அதே ஊர். நீங்கள் இதைப் போடுங்கோ."

போட்டேன். உள்பையில் ஏதோ தட்டுப்பட்டது. அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும் மெல்ல இழுத்துப் பார்த்தேன். கோப்பை கழுவப் போடும் மஞ்சள் ரப்பர் கையுறை. ஒற்றை.

உன்மேல் எனக்குச் சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. லண்டன் வர முன்னம் நீ இருந்த அந்தச் சுவிஸ் மலைக்கிராமத்து ஹோட்டலில் என்ன வேலை என்று கேட்டால், "சும்மா மேற்பார்வை" என்பாய். மிச்ச நேரமெல்லாம் சறுக்கல்தானாம்.

"உச்சியில இருந்து வெளிக்கிட்டனெண்டால், கீழ வரேக்க மீசை உறைஞ்சு கம்பி மாதிரி நிக்கும்."

"மீசையை விடடா. எப்பிடி நிப்பாட்டுவாய்?"

"நிப்பாட்ட யோசிக்கிறவன் மலையில ஏறக்கூடாது!"

ஆல்ப்ஸ் மலையின் சக்கரவர்த்தி நீ. ஆனால் இங்கே அரை அங்குலம் பனி விழுந்த அன்று, குப்பைத் தொட்டி வரைக்கும் வேலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாய். நான் யன்னலால் பார்த்தேன்.

ஒவ்வொரு குளிருக்கும் உன் சோபாவில் இருந்து பயணத் திட்டம் போட்டோம். உன் பட்டியலில் முதலாவது ரைஸ் குக்கர், இரண்டாவது மிளகாய்த்தூள். சறுக்குக் கட்டைகள் கடைசி வரை வரவேயில்லை. டிக்கெட் எடுக்கிற நாள் வந்தால், "இந்த முறை பனி சரியில்லை" என்பாய். கிங்ஸ்பரியில் இருந்தபடி சுவிஸ் பனியை மணந்து பார்த்த ஒரே மனிதன் நீதான்.

இப்போது சாட்சி என் கையில். ஆனாலும் வெற்றிக்கொடி நாட்ட மனம் வரவில்லையடா. அந்த ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியபடி, யன்னலால் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்தே நீ அவ்வளவும் சறுக்கியிருக்கிறாய்.

உன் மகள் தேத்தண்ணியோடு வந்தாள். கையுறையை மறைத்தேன்.

"சறுக்கல் வகுப்பு வேணுமோ எண்டு பதிவுப் படிவத்தில கேக்குது மாமா. வேண்டாம் எண்டு போடுறன். அப்பான்ர ரத்தம்தானே? முதல் நாளே உச்சிக்குப் போறன்."

உண்மையைச் சொன்னால் நீ விழுவாய். சொல்லாவிட்டால் அவள் விழுவாள்.

"பிள்ளை, சின்னப் பிள்ளையளோட தனிய நிண்டு பழக எனக்கு வெக்கம். நீயும் வகுப்புக்கு வா."

உன்னைப் போலவே கண்ணைச் சுருக்கினாள். "மாமா, ஏதோ ஒளிக்கிறியள்."

"ஓம். பயத்தை ஒளிக்கிறன்."

சிரித்துக்கொண்டே வகுப்புக்கு இரண்டு பேர் என்று போட்டாள்.

ஐரோப்பாவின் அத்தனை வைத்தியர்களும் கைவிட்ட இந்த முழங்காலோடு, அறுபத்தாறு வயதில், உன் பொய்க்காக நான் பனியில் உருளப் போகிறேன். ரைஸ் குக்கரைக் கட்டிவிட்டேன். கையுறை என் கோட்டுப் பையில் இருக்கிறது. ஒருதரமாவது விழாமல் கீழே வந்து சேர்ந்தால், அதை மாட்டிக்கொண்டு அந்த ஹோட்டல் குசினி யன்னலைப் பார்த்துக் கை காட்டுவேன்.