முக்கால் ஆட்டத்து இஞ்சி மணம்

அண்ணை,

சனிக்கிழமையிலிருந்து என்னுடைய வாய் முழுக்க இஞ்சி. பல் விளக்கிப் பார்த்தேன், பால் தேத்தண்ணி குடித்துப் பார்த்தேன், நேற்றுக் கணவாய்க் கறிக்கு உறைப்பை அள்ளிக் கொட்டியும் தின்று பார்த்தேன். போகவில்லை. நான் இஞ்சி ரொபி மிட்டாய் தின்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது உங்களுடைய சாமான். ஜாக்கெட் பொக்கெற்றில் எந்த நேரமும் ஒரு பை கிடக்கும். கேட்டால் இருமலுக்கு என்பீர்கள். ஒரு நாளும் இருமாத மனிதன்.

"என்ரை வாய்க்குள்ளை ஏன் வந்து குந்திக்கொண்டிருக்கிறியள்?" என்று இன்று காலை கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன். மனைவி குளியலறைக் கதவைத் தட்டினாள். "ஆரோடை கதை?" என்றாள். என்னத்தைச் சொல்ல? அதுதான் பேனையை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயிருந்து சிரித்துக்கொள்ளுங்கள்.

லண்டன் எட்மண்டனில் நாங்கள் வேலை செய்த பெற்றோல் செட்டுக்குப் பின்னால் இருக்கிற விளையாட்டுத் திடலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் மழைக்கு ஒரு மரத்தடியில் ஒதுங்கினோம். ஆஸ்திரேலியப் பெடியள் முட்டை வடிவப் பந்து ஒன்றைப் பிடித்து, உதைத்து, சேற்றுக்குள் உருண்டுகொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்கு ஊடாகப் பந்து போனால் ஆறு புள்ளி. குறி தப்பி ஓரக் கம்பத்துப் பக்கம் போனாலும் ஒரு புள்ளி. அதைக் கண்டதும் நீங்கள் என்னுடைய தோளில் அடித்தீர்கள்.

"டேய், தவற விட்டவனுக்கும் ஒண்டு குடுக்கிறாங்களடா! எங்கடை ஆக்களுக்கெண்டே செய்த விளையாட்டு."

அன்றோடு ஒட்டிக்கொண்டோம். கிளப்புக்கு வந்த கோச்மார் எல்லாம் இரண்டு வருட வீசாவில் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு வேலைக்கு வந்த ஆட்கள். வீசா முடியப் போய்விடுவார்கள். வீசாவே இல்லாத நாங்கள்தான் நிலையாக நின்றோம். பெடியளும் மாறினார்கள், உடுப்பின் நிறமும் ஒருமுறை மாறியது. மரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் மாறவில்லை.

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆட்டத்தை நாலு கால்வாசியாகப் பிரித்து ஆடுவார்கள். மூன்றாவது முடிந்ததும், முக்கால் ஆட்டத்தில், கோச் திடலின் நடுவில் நின்று பெடியளோடு பேசுவார். அப்போது பார்க்க வந்த சனமும் உள்ளே போய், பெடியளுக்குப் பின்னால் வட்டமாக நின்று கேட்கலாம். நாயோடு வந்தவர் நாயோடு நிற்பார். நீங்கள் என்னுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவீர்கள். எப்போதும் எனக்கு இடப்பக்கம்தான் நிற்பீர்கள். எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் ஓம், இல்லை, மன்னிக்கவும், எத்தனையாம் நம்பர் பம்ப், அவ்வளவுதான். கோச் வாயைத் திறந்ததும் என் இடது காதுக்குள் உங்களுடைய தமிழ் தொடங்கும். சூடான மூச்சு, இஞ்சி மணம்.

கோச் மூன்று நிமிடம் கத்தினால் நீங்கள் ஒரு வரி சொல்வீர்கள். அவர் ஒரு சொல் சொன்னால் நீங்கள் ஒரு பிரசங்கம் வைப்பீர்கள்.

"அண்ணை, அந்தாள் கம் ஒன் எண்டு மட்டும்தானே சொன்னவர்?"

"அதுக்குள்ளைதான் எல்லாம் கிடக்கு. நீ பொத்திக்கொண்டு கேள்."

முதல் கோச்சுக்குக் கொக்கர் என்று பெயர் வைத்தீர்கள். நெட்டையர், யோசிக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பார். அவர் காலத்தில் ஒரு கிழமை என்னுடைய அகதிக் கேஸ் தள்ளுபடியானது. நான் அதை வீட்டிலும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை கொக்கர் கையை விரித்துப் பேசினார். நீங்கள் காதுக்குள் சொன்னீர்கள்: "விழுந்தவன் புள்ளிப் பலகையைப் பாக்கக் கூடாதாம். பந்து எங்கை கிடக்கு எண்டுதான் பாக்கோணுமாம்." திங்கட்கிழமை நான் வேறு சட்டத்தரணியிடம் போனேன்.

பிறகு தவில் வந்தார். அவர் பேசினால் நோர்த் சேர்க்குலர் ரோட்டில் போகிற லொறிக்காரனும் திரும்பிப் பார்ப்பான். அப்போது எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு இல்லை. "பந்து வேணுமெண்டால் கூப்பிட்டுக் கேக்கோணுமாம். வாயை மூடிக்கொண்டு நிண்டால் ஒருத்தனும் தரமாட்டானாம்" என்றீர்கள். அன்று பின்னேரமே தம்பிக்குப் போன் எடுத்தேன். ஆஸ்திரேலியாக்காரர் எவ்வளவு விசயம் தெரிந்த சனம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

கடைசியாக மௌனசாமியார். சத்தம் போடாத கோச். போன வருடம் ஆவணி மாதம் நல்ல வெயில். எங்கள் பெடியள் மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். முக்கால் ஆட்டத்துக்கு உள்ளே போனோம். வெயில் கண்ணில் குத்தியது. மௌனசாமியாரின் உதடு அசைவது போல இருந்தது. நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

"என்னவாம் அண்ணை?"

"பிறகு சொல்லுறன்."

பெடியள் போய் அந்தக் கடைசிக் கால்வாசியில் பேய் பிடித்தவர்கள் போல ஆடி வென்றார்கள். நீங்கள் கைதட்டவில்லை. பஸ்ஸில் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். புதன்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

மயானத்தில் பெட்டியைக் கும்பிடுகிற சாட்டில் நான் குனிந்து இடது காதைக் கிட்டக் கொண்டு போனேன். உங்கள் மனைவி, அக்கா, கண்டுவிட்டா. "என்ன தம்பி தேடுறியள்?" என்று கேட்டா. செத்த வீட்டில் பகிடி விடுகிறவன் என்று எனக்கு ஏற்கெனவே பெயர். வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தேன்.

இந்த வருடம் சித்திரையில் ஆட்டங்கள் தொடங்கின. தனியே போனேன். முக்கால் ஆட்டத்தில் வட்டத்துக்குள் நின்றேன். சனம் நெருக்கமாக நின்றது, ஆனால் எனக்கு இடப்பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் வலப்பக்கம் தள்ளி நின்று பார்த்தேன். இடைவெளியும் கூடவே வந்தது. ஒரு நாய் அந்த இடத்தை மணந்து பார்த்துவிட்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு, சுற்றிப் போனது. புதுக் கோச் மூச்சை இழுத்தா. இப்போதைய கோச் ஒரு பெண். அவவுக்கு இன்னும் பட்டப்பெயர் இல்லை. அது உங்களுடைய வேலை. அவ வாயைத் திறக்க முன்னமே என் காதுக்குள் இஞ்சி மணந்தது.

"டேய், சப்பாத்து லேஸ் அவிண்டு கிடக்கு."

குனிந்து பார்த்தேன். அவிழ்ந்துதான் கிடந்தது.

பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அடுத்த சனி போனேன். அதற்கடுத்த சனியும் போனேன். இப்போது எனக்கு இங்கிலீஷ் விளங்கும் அண்ணை. கோச் பந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பா. நீங்கள், "உன்ரை மனிசிக்கு முழங்கால் நோகுது, அவள் சொல்லமாட்டாள், நீ கேள்" என்பீர்கள். போய்க் கேட்டால் உண்மையாகவே நோகும். எல்லாம் சொன்னீர்கள். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. "அண்டைக்குச் சொல்லுறன் எண்டதைச் சொல்லுங்கோவன்" என்று கெஞ்சினேன். முன்னால் நின்ற பெடியன் திரும்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நீங்கள் மூச்சு மட்டும் விட்டீர்கள்.

போன மாதம் கிளப்பில் பழைய கோச்மாரை நினைவுகூர ஒரு பின்னேரம் வைத்தார்கள். மதுக்கடை மாடியில் பெரிய திரை கட்டி, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களை அதில் காட்டினார்கள். கொக்கருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பழைய ரசிகர்கள் ஒவ்வொருவராக எழும்பி நினைவுகளைச் சொன்னார்கள். நானும் எழும்பி, விழுந்தவன் புள்ளிப் பலகையைப் பார்க்கக் கூடாது என்று அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கொக்கர் திரைக்குள்ளிருந்து சொன்னார்: "அருமையான பேச்சு. ஆனால் நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நான் எந்நேரமும் பெடியளைத் தூசணத்தால் பேசிக்கொண்டல்லவா நின்றேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தவிலைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லாமல் குந்திவிட்டேன்.

மௌனசாமியார் நேரில் வந்திருந்தார். மற்றவர்கள் குடிக்கக் கீழே போனதும் அவருக்குப் பக்கத்தில் போய், அந்த ஆவணி மாத ஆட்டத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கிளாசைக் கீழே வைத்தார்.

"நான் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு தோல்வியில் எனக்குச் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை, வாயே திறக்கவில்லை. உங்கள் கூட்டாளிதான் பேசிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பெடியள் எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு விசாரித்தேன். எல்லாருக்கும் விளங்கியிருக்கிறது. என்ன விளங்கியது என்று ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியவில்லை."

அன்று வீட்டுக்குப் போகாமல் நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தா. பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆனால் திரைச்சீலைகள் மூடிக் கிடந்தன. வாசலில் இரண்டு சூட்கேஸ் நின்றது. கனடாவுக்கு, மகளிடம், ஒரேயடியாகப் போகப் போகிறாவாம். "என்ரை ஆட்டம் முடிஞ்சுது தம்பி" என்றா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். காதுக்குள் வருகிற பேச்சையும் சொன்னேன். பைத்தியம் என்று கலைப்பா என்று நினைத்தேன். அவவின் முகம் வேறு மாதிரிப் போனது.

"உங்களோடை உவ்வளவு கதைச்சவரோ?"

"வாய் மூடமாட்டார் அக்கா."

"வீட்டிலை சோறு, மருந்து, கறண்ட் பில். அதுக்கு மேலை ஒரு சொல்லு இல்லை. இவ்வளவு வருசமும்." அவ சூட்கேஸில் குந்தினா. "கடைசிச் சனிக்கிழமை வந்தவர், குசினி வாசலிலை நிண்டவர், வாயைத் திறந்தவர். என்னப்பா எண்டன். பிறகு சொல்லுறன் எண்டிட்டுப் படுக்கப் போயிட்டார்."

எனக்குச் சொன்ன அதே சொல். நாங்கள் இரண்டு பேரும் கதவுப் பக்கம் பார்த்தோம். ஏன் பார்த்தோம் என்று தெரியாது.

"அந்த இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றா அக்கா. "போறதுக்கு முன்னம் எனக்கு அது தெரியோணும்."

அதுதான் போன சனிக்கிழமை.

அக்கா கறுப்புக் கோட்டும் கோயிலுக்குக் கட்டுகிற சேலையுமாக வந்தா. காற்று நின்றுபோயிருந்தது, கம்பங்களில் கொடி தொங்கிக்கொண்டு கிடந்தது. மூன்று கால்வாசியும் மரத்தடியில் நின்று பார்த்தா. ஒரு முறை மட்டும், "உவங்கள் ஏன் உப்பிடி அடிபடுறாங்கள்?" என்றா. பெடியள் பின்தங்கியிருந்தார்கள். சைரன் ஊதியதும் உள்ளே போனோம். வட்டம் சேர்ந்தது. எனக்கு இடப்பக்கம் இடைவெளி விழுந்தது.

"இவர் எங்கை நிக்கிறவர்?"

நான் காட்டினேன். அவ போய் அதற்குள் நின்றா. குளிருக்கு நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டா. கோச் பேசத் தொடங்கினா. நான் காதைக் கூர்மையாக்கினேன். மூச்சு இல்லை, மணம் இல்லை. முதல் தடவையாக ஒன்றுமே இல்லை. நீங்கள் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன் அண்ணை. மயானத்தில் வராத அழுகை அங்கே வந்தது.

"என்னவாம் தம்பி?" அக்கா கேட்டா.

ஓடுகிறவனுக்குப் பின்னால் பந்தை உதையாதே என்று கோச் சொல்லிக்கொண்டிருந்தா. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கில் இஞ்சி எரிந்தது. என்னுடைய குரல்தான், ஆனால் நான் பேசாத பேச்சு.

"இஞ்சாரும். கடைசிக் கால்வாசி இன்னும் துவங்கேல்லை. இப்ப ஏன் வெளிக்கிடுறீர்?"

அக்காவை நான் ஒரு நாளும் அப்படி, புருசன் மனிசியைக் கூப்பிடுகிற மாதிரி, கூப்பிட்டவன் இல்லை. கூப்பிட்டால் கன்னத்தில் விழும். அவ அடிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்குப் பின்னால், தோளுக்கு மேலே, உங்கள் உயரத்தில் ஒரு இடத்தைப் பார்த்தா.

"ஓம்," என்றா. "நிக்கிறன்."

பெடியள் தோற்றுப்போனார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்கா கடைசி வரை நின்றா. கடைசி உதை குறி தப்பி ஓரக் கம்பத்துப் பக்கம் போனபோது, "அதுக்கும் ஒண்டு குடுப்பாங்களோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். கைதட்டினா. நேற்று அந்த வழியால் போனேன், வீட்டுத் திரைச்சீலை திறந்து கிடந்தது. சூட்கேஸ் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

இப்போது என் இடது காது வெறுமையாகக் கிடக்கிறது. அந்தப் பக்கத்தால் காற்று வந்தாலும் திரும்பிப் பார்க்கிறேன். வாய் மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. செத்த பிறகும் உங்களுடைய ஷிப்டை என் தலையில் கட்டுகிற குணம் போகவில்லை. பெற்றோல் செட்டிலும் இதைத்தானே செய்தீர்கள்.

வருகிற சனி வட்டத்துக்குள் நிற்பேன். அக்கா இடப்பக்கம் நிற்பா. "என்னவாம் தம்பி?" என்று கேட்பா. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது அண்ணை. வாயைத் திறந்த பிறகுதான், அவவின் காதில் விழுகிற அதே நேரத்தில், என் வாயால் வருகிறதை நானும் கேட்பேன்.